இலைப் படத்தில் கர்த்தர் தந்த பதில்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நான் மறுபடியும் ஊரை விட்டுப் போக இருந்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். திருப்பூர், பெங்களூரு, கொச்சி என்று அலைந்தேன். கொச்சியில் மூட்டை சரிந்து முதுகு போனது. இனி சுமை தூக்க முடியாது. குன்னூருக்குத் திரும்பினேன். தேயிலை எஸ்டேட்டில் இலை பறிக்கும் என் மனைவி ஸ்டெல்லா சொல்லிவிட்டாள்: "இன்னொருக்கா போனீங்கன்னா திரும்பி வராதீங்க."

எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் செல்போன் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவர். கண் முதலில் எங்கே போகும், பொத்தான் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று அடிப்படையை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் மூலமாகவே ஒரு சிறிய அலுவலகம் என்னை அழைத்தது. எஸ்டேட் பெண்கள் டாக்டரைப் பார்க்கப் பெயர் பதியும் திரையைச் செய்துவரச் சொன்னார்கள். பிடித்தால் வேலை.

செய்தேன். முதல் பக்கத்துக்குத் திரும்பும் பொத்தானுக்குப் பச்சைத் தேயிலைப் படம் வைத்தேன். நம் மலைக்குப் பொருத்தம் என்று பெருமை வேறு.

"அழகா இருக்குங்க. ஆனா சனங்களுக்குப் புரியுமான்னு தெரியல. திங்கக்கிழமை மறுபடி கொண்டாங்க" என்றார் மேனேஜர்.

எங்கே தவறு என்றே தெரியவில்லை. ஊரை விட்டுப் போகத் துணிகளைப் பையில் அடுக்கினேன். பிறகு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அந்த மேனேஜர் மனதை மாற்றும்" என்று அழுதேன்.

மறுநாள் எஸ்டேட்டுக்கு ஸ்டெல்லாவுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். என் போனைப் பிடுங்கினாள்.

"இதுக்குத்தான் இத்தன நாளா ஊட்டுக்குள்ளயே குந்தியிருந்தீங்களா? பாக்குறேன்."

பெயரைப் பதிந்தாள். உடனே இலையை அழுத்தினாள். எல்லாம் அழிந்து முதல் பக்கம் வந்தது. அவளோடு இலை பறிக்கும் சரோஜா அக்காவும் இலையைத்தான் அழுத்தினார்.

"ஏனுங்கக்கா, அத எதுக்கு அமுக்குனீங்க?"

"இலைன்னா இன்னிக்குப் பறிச்சது எத்தன கிலோன்னு காட்டும்ல தம்பி? டாக்டரம்மாவும் எட போட்டுத்தான் ஊசி போடுவாங்களோ என்னமோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. மேனேஜர் மனதை மாற்றக் கேட்டேன். கர்த்தர் என் கண்ணைத் திறந்தார்.

இலையை எடுத்தேன். அந்த இடத்தில் 'முதல் பக்கம்' என்று எழுதினேன். 'அனுப்பு' பொத்தானைப் பெரிதாக்கினேன். மறுபடி அவர்களிடமே கொடுத்தேன். இருவரும் தடுமாறாமல் பதிந்தார்கள். திங்கட்கிழமை வேலை கிடைத்தது.

பிரியமானவர்களே, ஜெபித்துவிட்டு ஒரே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். பதில் உங்கள் வீட்டாரின் கேலியிலும் வரலாம். நம்பிக் கேளுங்கள். எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார். ஸ்டெல்லா என் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டாள். அவருக்கே ஸ்தோத்திரம்.