பதினேழாவது வரியும் அரவேணுப் பயணமும்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த வலைப்பூவில் பயணக் கட்டுரை எழுதுமளவுக்கு ஊர் சுற்றியவள் இல்லை நான். இந்தப் பயணமும் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. ஆனால் எழுதுவதாக அரவேணுவில் ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விமான நிலையப் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் ஓர் அலுவலகத்தில், சென்னையில், உதவியாளராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். இந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து தணிக்கைக் குழு ஒன்று வந்தது. அவர்கள் பயணிகளின் பையைச் சோதிப்பதில்லை. குறை கண்ட இடத்தை அது சரியாகும்வரை நாங்கள் விடாமல் பின்தொடர்கிறோமா என்று எங்கள் பதிவேடுகளைத்தான் புரட்டுவார்கள். பதினேழாவது வரி, ஒரு சின்ன விமான நிலையத்தின் வேலிக் கிழிசல். எதிரே பேனாவில் சரிக்குறி. யார், எந்தத் தேதியில் போய்ப் பார்த்தது என்று கேட்டார்கள். ஒரு காகிதமும் கிடைக்கவில்லை.

அந்தக் குறியைப் போட்டவள் நான். தணிக்கைக்கு முன்பு பதிவேடு அழகாக இருக்கட்டும் என்று பென்சில் குறிகளின் மேல் பேனாவால் எழுதி, பென்சிலை ரப்பரால் அழித்தேன். பென்சில் என்றால் ரஃப், பேனா என்றால் நல்ல பிரதி. பள்ளியில் அப்படித்தான் பழக்கம். எங்கள் அலுவலகத்திலோ பென்சில் என்றால் ‘சரிசெய்துவிட்டோம் என்று கடிதம் வந்தது’, பேனா என்றால் ‘நேரில் பார்த்தேன்’. யாரையாவது கேட்டிருக்கலாம். கூச்சம்.

பழி, முன்பு அந்தப் பதிவேட்டை எழுதிவந்து, ஓய்வுபெற்றுக் கோத்தகிரி அருகே அரவேணுவில் இருக்கும் ஆய்வாளர் மேல் விழுந்தது. போகாமலே போனதாகக் குறித்தாரா என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் தயாரானது. தபாலில் சேர்க்க என்னிடம் தந்தார்கள். நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை 6.20க்கு ரயில் மேட்டுப்பாளையம் வந்தது. கோத்தகிரி பேருந்து 7.10க்கு. அரவேணு வரை 27 கிலோமீட்டர், ஒரு மணி ஐந்து நிமிடம், இருபது ரூபாய். வயிறு புரட்டுபவர்கள் முன் சீட்டைப் பிடியுங்கள். அரவேணுவில் இருந்து இரண்டு கிலோமீட்டர் இறக்கம், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். வழியில் பல தோட்டங்களில் தேயிலை, கிளை நறுக்கிக் கவாத்துப் பண்ணாமல், ஆள் உயரம் வளர்ந்து நின்றது. “இலைக்கு வெல இல்லீங்க. பறிக்கற கூலிக்கே பத்தறதில்ல” என்றார் ஆட்டோக்காரர். ஆய்வாளரும் ஆள் வைப்பதில்லையாம். மனைவியோடு தானே பறிக்கிறாராம்.

ஆய்வாளர் இடுப்பில் சாக்கைக் கட்டியபடி தோட்டத்திலிருந்து ஏறி வந்தார். கடிதத்தை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தார். அவர் மனைவி காபியோடு வந்து, என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

“கேஸ் அடுப்ப மூடுனமான்னு பாக்க பாதி வழியில பஸ்ஸ உட்டு எறங்குனவருங்க இவுரு. போவாம போனேன்னு எழுதுவாராக்கும்?”

அவர் சிரிக்கவில்லை. “பென்சில்லதான் போட்டேன்னு நெனப்பு” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “ரிஜிஸ்டர் உன்ற கையிலதான இருந்துச்சு அம்மணி? எப்படி இருந்துச்சு?”

வழியெல்லாம் அதற்கான வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் வந்திருந்தேன்.

“ஞாபகம் இல்லைங்க சார்” என்றேன்.

அவர் விரலில் இருந்த தேயிலைக் கறையைத் தேய்த்தார். “அப்ப நாந்தான் போட்டிருப்பேன். கடைசி மாசம், அவசரம். வயசாயிருச்சுல்ல.” உள்ளே போய் அப்படியே பதில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடுத்தார். தன் முப்பத்திரண்டு வருட வேலையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

கிளம்பும்போது அவர் மனைவி பின்புற அறையைக் காட்டினார். இரண்டு கட்டில், சுடுதண்ணீர், சன்னலுக்கு வெளியே சரிவு முழுக்கத் தேயிலை. “நீங்க கம்ப்யூட்டர்ல எழுதுவீங்களாமா. இலைய நம்பி இனி ஆவாது. நாலு பேர இங்க தங்கச் சொல்லி எழுதுங்க கண்ணு. எது எழுதுனாலும் உங்க சார் உக்காந்து படிச்சுருவாரு.” சரி என்றேன். 1.40 பேருந்தில் மலை இறங்கி வந்துவிட்டேன். சன்னல் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆகவே, போக நினைப்பவர்களுக்கு: நவம்பரில் மண் சரியும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஸ்வெட்டர் வேண்டும். அறைக்கு ஒரு நாள் வாடகை நானூறு ரூபாய், சாப்பாடு தனி. அந்த வீட்டு அம்மாவின் அவரைக் குழம்பு நன்றாக இருந்தது. பின்னூட்டத்தில் கேட்டால் முகவரி அனுப்புகிறேன். மானத்தோடு வாழ்கிறவர்கள் வீடு, பேரம் பேசாதீர்கள்.

இனி எழுதுவது சாருக்கு மட்டும். சார், நீங்கள் பென்சிலில்தான் போட்டிருந்தீர்கள். பேனா என்னுடையது. திங்கட்கிழமை அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். உங்கள் பதில் எங்கே என்று கேட்கிறார், தராமல் வைத்திருக்கிறேன். செய்யாததை ஒப்புக்கொண்டு நீங்கள் எழுதிய அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வரும் சனிக்கிழமை எடுத்துக்கொண்டு வரட்டுமா?