ஐயோ அக்காவின் வயிற்றெரிச்சல்

சலவைக்கூடத்தில் அவளுக்கு ஐயோ அக்கா என்று பெயர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். குனிந்தால் ஐயோ, நிமிர்ந்தால் ஐயோ. ஈர மூட்டையைத் தூக்கினால் ஐயோவோடு ஓர் அம்மாவும் சேர்ந்து வரும். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. இடுப்பு, இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் சூட்டு உருளைக்குள் விட்டு, வெளியே வருவதை மடித்து அடுக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக, நின்றபடியே.

உருளையின் எதிர்ப்பக்கத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். முப்பது வயதிருக்கும். ஆவி பறக்கும் விரிப்பை வெறுங்கையால் வாங்கினாள். கையை உதறவில்லை, ஊதிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாளே சூப்பர்வைசர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "இந்தப் பொண்ணப் பாருங்க. வந்ததுலேருந்து ஒரு முனகல் உண்டா?"

சொன்னது எல்லாருக்கும், பார்த்தது ஐயோ அக்காவை. அன்று முழுக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் புதியவள் சின்னக் கண்ணாடி ஒன்றை எடுத்து வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பல்லுக்கு அழகு பாக்குறியா?"

"இல்லக்கா. நாக்கக் கடிச்சிருந்தா எனக்குத் தெரியாது. ரத்தம் வருதான்னு பாத்துக்கணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பிறவியிலேயே எனக்கு வலி தெரியாதுக்கா, சூடும் சரியாத் தெரியாது. லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராதாம். சொன்னா வேலை தர மாட்டாங்கன்னு சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

"வலிக்கவே வலிக்காதா? பிரசவத்துல கூடவா?"

"ஏதோ இழுக்குற மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்."

இரண்டு பிரசவத்திலும் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியவள் ஐயோ அக்கா. "குடுத்து வெச்சவ நீ" என்றாள். திட்டுவதைப்போல வந்தது.

புதியவள் இடது கால் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். இரண்டு விரல்கள் இல்லை. கண்ணாடித் துண்டு குத்தியது தெரியாமல் வாரக்கணக்கில் நடந்தாளாம். ஐயோ அக்கா பார்த்தாள். அப்போதும், இரண்டு விரலைக் கொடுத்தால் வலி போகும் என்று யாராவது சொல்லியிருந்தால், மூன்றாகவே கொடுத்திருப்பாள்.

அடுத்த மாதம் ஒரு மதியம் உருளைக்குள் தலையணை உறை ஒன்று சிக்கிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் புதியவள் குனிந்து அதை இழுத்தாள். அவளுடைய முழங்கை, சூடு தடுக்கும் மேலுறை கிழிந்த நீராவிக் குழாயின்மேல் சாய்ந்திருந்தது. எதிரில் நின்ற ஐயோ அக்காவின் கண்ணில் பட்டது. தோல் கருகும் வாடையும் வந்தது. ஆனால் வாய் திறக்கவில்லை. இப்ப வந்து பாக்கட்டும் அந்த சூப்பர்வைசர் என்று மனசுக்குள் ஒன்று ஓடியது. ஒரு நொடி. இரண்டாகவும் இருக்கலாம்.

பிறகுதான் "ஐயோ!" என்று கத்தினாள்.

ஒருவரும் திரும்பவில்லை. நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற சத்தம்தானே! இடுப்பையும் மறந்து ஓடிப்போய் அவளே அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். தோல் குழாயோடு போயிற்று. புதியவள் யாருடைய சட்டையிலோ இருக்கிற கிழிசலைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "அடடா, எப்பக்கா இது?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, ஐயோ அக்காவே வீடுவரை கொண்டுபோய் விட்டாள். புதியவளின் கணவன் பெயிண்டர். நகத்தில் பச்சை வண்ணம் ஒட்டியிருந்தது. அவளை விளக்குக்கு நேரே உட்கார வைத்து, உள்ளங்கை, விரலிடுக்கு, காதுமடல், குதிகால் என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தினமும் இப்படித்தான்க்கா. பாக்காம விடமாட்டாரு."

அவர்கள் கொடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஐயோ அக்கா எழுந்தாள். வலிக்காதவளின் குதிகாலை ஒருவன் மடியில் வைத்துப் பார்க்கிறான். தன் வீட்டுக்காரருக்கோ, "தைலம் தேய்ச்சுக்கோ" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை தெரியாது. அதையும் டி.வி.யைப் பார்த்தபடிதான் சொல்வார்.

விஷயம் வெளியே வந்ததும் வேலை போகும் என்று புதியவளும் கணவனும் பயந்தார்கள், போகவில்லை. துணியில் கறை பார்க்கிற மேசைக்குப் புதியவளை மாற்றினார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை, மெத்தை வைத்த நாற்காலி. ஆறு வருஷமாக ஐயோ அக்கா கேட்டுக்கொண்டிருந்த அதே நாற்காலி.

அவள் நேரே சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றாள். "வலியே தெரியாதவளுக்கு நாற்காலி, உயிர் போற மாதிரி வலிக்கிறவ நிக்கணுமா? எந்த ஊரு நியாயம் சார் இது?"

"நீங்க எப்பவும் சொல்றதுதானேக்கா" என்றார் அவர்.

மதியம் அவள் புதியவளிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த இரண்டு நொடியையும் சேர்த்து.

"ரெண்டு செகண்டா?" புதியவள் சிரித்தாள். "நீங்க இல்லாட்டி நான் சாயங்காலம் வரைக்கும் அப்படியே சாஞ்சு நின்னிருப்பேன்." கோபப்பட்டிருந்தாலாவது ஐயோ அக்காவுக்கு மனசு ஆறியிருக்கும். பிறகு புதியவள் சொன்னாள்: "வாயால சொன்னா நம்ப மாட்டாங்கக்கா. டாக்டர் சீட்டக் காட்டினதும்தான் எனக்கு நாற்காலி வந்துச்சு. வாங்க, உங்களுக்கும் வாங்குவோம்."

இருவரும் போனார்கள். டாக்டர் ஒவ்வொரு மூட்டாக அழுத்தி, "இங்க வலிக்குதா? இங்க?" என்று கேட்டார். ஐயோ அக்கா அழுதுவிட்டாள். ரொம்ப அழுத்திவிட்டோமோ என்று டாக்டர் பயந்துபோனார்.

சீட்டைக் கொடுத்து ஒரு மாதம் கழித்து உருளைக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல் வந்தது. மாத்திரையில் விரல் வீக்கமும் கொஞ்சம் வடிந்தது. பொறாமை வடிந்ததா என்றால், இல்லை. ஸ்டூலுக்கு மெத்தை கிடையாது என்பதை அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.