பிகினிக்கு ஒரு காவல்காரன்

மயிலாப்பூரில் எங்கள் காலை நடைக்கூட்டத்தில், மற்றவர்களின் மனைவிமாரைப் பற்றி ஜோக் அடிப்பது என் இலாகா. நண்பர் ஒருவர் மாலத்தீவு போய்வந்து, மனைவி நீச்சலுடையில் நிற்கும் போட்டோவை அப்பாவியாகக் காட்டினார். மூன்று நாள் அதை வைத்தே பிழைத்தேன். நாலாம் நாள் அவர் நடக்க வரவில்லை. அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன். அப்படிப்பட்ட ஜந்து நான்.

ஆகவே என் மனைவி பிகினி வாங்கியிருப்பதாகச் சொன்னபோது எனக்கு வந்தது கலாசாரக் கவலை இல்லை. போட்டோ காட்டிய அந்த நண்பரின் முகம்தான் வந்தது.

நாற்பத்தொன்பது வயதில், அடையாறில் பெண்களுக்கான வகுப்பில் ஆறு மாதம் நீச்சல் கற்றவள் அவள். கல்யாண நாளுக்காகக் கொட்டிவாக்கம் தாண்டி ஒரு ரிசார்ட்டில் அறை போட்டிருந்தோம்.

"முழங்கால் வரைக்கும் கறுப்பு உறையைப் போட்டுண்டு நீந்தியாச்சு. ஒரு தடவையாவது வயித்துல தண்ணி படணும்," என்றாள்.

"யாராவது பாத்தா?"

"பாக்கட்டும். உங்க தொப்பையை இருபத்தஞ்சு வருஷமா ஊரே பாக்கறது. நான் ஏதாவது சொன்னேனா?"

மேலே போட்டுக்கொள்ள ஏதாவது வாங்கிவருகிறேன் என்று தி.நகருக்கு ஓடினேன். கடைப்பெண் கவர்-அப் என்று ஒன்றை விரித்தாள். முழுக்க ஓட்டை. மீன்வலையில் இதைவிட நூல் அதிகம்.

"இதுல எதைம்மா மூடறது?"

"மூட இல்ல சார். ஸ்டைலுக்கு."

"ஸ்டைல் இல்லாம ஒண்ணு காட்டு."

கழுத்திலிருந்து கணுக்கால்வரை தொங்கும் ஒன்றை எடுத்தாள். கஃப்தானாம். நைட்டிக்குப் பதவி உயர்வு கொடுத்தால் கஃப்தான். பாய்ந்து வாங்கினேன்.

அதைப் போட்டுக்கொண்டு நீச்சல்குளம்வரை வந்தாள். அங்கே கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, ஏணியைப் பிடித்து இறங்கிவிட்டாள்.

நான் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு முகமாகச் சோதனை. மயிலாப்பூர் முகமா? பூங்காவில் பார்த்த மூக்கா? சந்தேகம் வந்தால் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆண்களுக்கு எந்தக் கவர்-அப்பும் கிடையாது. தொப்பையை முன்னே அனுப்பிவிட்டுப் பின்னால் தாங்கள் வந்தார்கள். ஒருவர், நனைந்து நழுவும் கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி, பிகினி போட்ட பெண்களைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அவரைப் பார்த்து நான் உச்சுக்கொட்டினேன். எங்கள் இருவருக்கும் ஒரே வித்தியாசம், நான் நனையவில்லை.

அரைமணியில் குளத்துக் காவலாளி வந்தார்.

"இன்னா சார் பண்ணிக்கினு கீறீங்க?"

"சும்மா உக்காந்திருக்கேன்."

"லேடீஸ்லாம் பேஜாராவுறாங்க. ஒருத்தர உடாம மொறைக்கிறீங்களாமே. மடியில வேற பொம்பளத் துணி."

"அது என் ஒய்ஃபோடது."

"அல்லாரும் அப்டித்தான் சொல்வாங்க. யாரு, காட்டுங்க."

யாருக்கும் தெரியக்கூடாது என்று அரைமணி நேரம் நான் காத்த ரகசியத்தை, குளம் முழுக்கத் திரும்பிப் பார்க்க, நானே கை நீட்டிக் காட்டவேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தில் ஒரு மயிலாப்பூர் மூக்குகூட இல்லை. அவளைப் பார்த்தவர்களும் ஒரு நொடிதான் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மேடம், இவரு உங்காளா?"

அவள் கரையோரம் நீந்திவந்து முகத்துத் தண்ணீரை வழித்தாள். "ஆமா. என்ன பண்ணினார்?"

"போற வர்றவங்களலாம் பாத்துக்கினே கீறாரு."

என்னை ஒரு முறை பார்த்தாள். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

"வெளியில உக்கார வைங்கோ," என்று சொல்லிவிட்டு, சுவரை உதைத்து நீந்திப் போய்விட்டாள்.

கார் நிறுத்தும் இடத்தருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. அங்கிருந்து குளம் தெரியாது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். நடுநடுவே அவள் சிரிப்பும் கேட்டது. யாரோடு சிரிக்கிறாள் என்று எட்டிப்பார்க்க எழுந்தேன், காவலாளி திரும்பினார், உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, தலை சொட்டச் சொட்ட வந்தாள்.

"நாளைக்குக் காலம்பறயும் நீச்சல் உண்டாம். நான் இருக்கப் போறேன். நீங்க வேணா ஆத்துக்குக் கிளம்புங்கோ."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது ஜோக் அடித்திருப்பேன். பசிக்கிறது என்பதைப்போலச் சொன்னாள்.