குணவதி அக்கா சிரித்த அந்த ஒரு நிமிஷம்

அந்தப் படம் எங்கள் பாயான் பாரு அடுக்குமாடியில் எல்லார் கைப்பேசிக்கும் வந்தது. காசு எடுக்கும் மெஷின் பக்கத்தில், நீலச் சட்டை போட்ட குணவதி அக்கா ஓர் அம்மாவின் கையில் மலேசிய வெள்ளி நோட்டுகளை வைக்கிறார். கீழே 'தங்க மனசு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே அவர் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாராட்டினேன். அக்கா முகம் வாடிப்போனது. பிறகுதான் நடந்ததைச் சொன்னார்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில், ஒரு வங்கி வாசலில் அவருக்கு ஜாகா வேலை, அதாவது காவல். தைப்பூசத்துக்கு முந்தின நாள் அது. ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள். சுற்றுவட்டார மெஷின்களிலெல்லாம் காசு தீர்ந்துபோக, அக்காவின் வாசலில் இருந்த ஒரே மெஷினுக்கு வரிசை நடுச்சாலை வரை நீண்டிருந்தது. அதை நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் அன்று அவர் வேலை.

திருநெல்வேலியிலிருந்து பால்குடம் எடுக்க வந்த ரமணி அம்மா மெஷின் முன்னால் திணறினார். திரையில் எல்லாம் மலாய் மொழி. எதை அழுத்துவதென்று தெரியவில்லை.

"ஏம்மா, இது என்ன கேக்குதுன்னு கொஞ்சம் வந்து பாரேன்."

அதற்குள் வரிசையிலிருந்து ஒருவன், "அக்கா, அந்தம்மா அங்கயே குடி வந்துட்டாங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டார்.

"ஏதாச்சும் ஒண்ண அமுக்குங்கம்மா, சீக்கிரம் லா. எல்லாரும் நிக்கிறாங்க."

ரமணி அம்மா பயந்துபோய் எதையுமே அழுத்தவில்லை. நேரம் கடந்ததும் மெஷின் கார்டை விழுங்கிக்கொண்டது. காசும் வரவில்லை. அக்கா வங்கிக்கு போன் அடித்துப் பார்த்தார். விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமைதான் கார்டை எடுக்க முடியும் என்றார்கள். ரமணி அம்மாவின் விமானமோ திங்கட்கிழமை. வேறு கார்டு இல்லை. விடுதிக்கு இன்னும் பாதி வாடகை கொடுக்க வேண்டும். அவர் யாரையும் திட்டவில்லை. அக்கா நிற்கிற இடத்துக்கு எதிரே படியில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் முழுக்க அங்கேயேதான் இருந்தார்.

வேலை முடிந்ததும் அக்கா அதே வரிசையின் கடைசியில் போய் நின்றார். மகனின் மோட்டார் சைக்கிள் தவணைக்கு வைத்திருந்ததை எடுத்து ரமணி அம்மாவிடம் நீட்டினார். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அதைப் படம் பிடித்தாள். நாலு பேர் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அக்காவுக்கு உடம்பு கூசிப்போனதாம்.

"கார்டு என்னாலதாம்மா போச்சு. நீங்க கூப்பிட்டப்ப நான் வந்து பாத்திருக்கணும்."

"தெரியும்," என்றார் ரமணி அம்மா, நோட்டுகளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டே. "அதனாலதான் உன் கண்ணு முன்னாலயே உக்காந்திருந்தேன்."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் அக்கா. இரண்டு வாரத்தில், இங்கே கெலுகோருக்குப் புதிதாய்ப் படிக்க வந்த ரமணி அம்மாவின் உறவுப் பையன் ஒருவன் மூலம் பணம் திரும்பி வந்துவிட்டது. மோட்டார் தவணையும் கட்டியாயிற்று. வரிசையில் யாராவது சிரித்தால் மட்டும் இன்னும் அவர் உடனே மெஷின் முன்னால் நிற்பவரிடம் போய்ப் பார்க்கிறாராம்.

நான் இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுறதா இருந்தா எழுது தம்பி. ஆனா நான் சிரிச்சதையும் சேத்து எழுது."