ஆடு மேய்ந்த காலையில் வந்த கீரை

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவை ஒட்டிய தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தேன். சொந்த ஊர் வாலாஜாபாத். காலை ரயிலில் வந்து சாயங்காலம் திரும்புவேன்.

வகுப்பில் முதலில் என் கண்ணில் பட்டது பிள்ளைகளின் வாய்தான். பாதிப் பேருக்கு வாயோரம் வெடித்துப் புண்ணாகியிருந்தது. தடுப்பூசி போட வந்த நர்ஸ், இதற்கு மருந்தைவிடக் கீரையும் பயறும்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கீரை என்றாலே மூக்கைச் சுளித்தார்கள். "அது மாடு துன்றது டீச்சர்" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

சொன்னால் கேட்க மாட்டார்கள், வளர்க்கச் சொன்னால் தின்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்குப் பின்னால் செங்கல் துண்டுகள் கொட்டிக் கிடந்த இடத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டேன். நானே கொஞ்ச நாளில் விட்டுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே சரி என்றார். எங்களுடையது விவசாயக் குடும்பம். வீட்டிலிருந்து விதையும், சாக்குப் பையில் கட்டிய எருவும் ரயிலில் கொண்டு வந்தேன். எரு வந்த நாட்களில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

பிள்ளைகளோடு சேர்ந்து கல் பொறுக்கி, பாத்தி கட்டி, முள்வேலி போட்டோம். சிறுகீரை, தண்டுக்கீரை, வெண்டை, கத்தரி எல்லாம் போட்டோம். ஓரத்தில் ஒரு பப்பாளி. முதல் கீரை வந்ததும் சனிக்கிழமை அரை நாள் பள்ளியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். மதிய உணவு சமைக்கும் அம்மா பாத்திரம் கொடுத்து உதவினார். கழுவிவிட்டு நறுக்கணும், நறுக்கிவிட்டுக் கழுவக் கூடாது, வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தேன். அதை ஒரு பாட்டு மாதிரி ஆக்கிப் பாண்டி ஆடும்போதுகூடப் பாடினார்கள். தன் சமையலில் மகள் குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று ஒரு அம்மா என்னிடம் வந்து குறைபட்டுக்கொண்டார். எனக்கு உள்ளூர சந்தோஷம்.

தோட்டத்தில் எல்லோரையும்விட ஆர்வமாக இருந்தவள் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவள் அப்பா நெசவாளி. பள்ளி விட்டதும் அவர் பக்கத்தில் தறியில் உட்கார்ந்து, சேலைக் கரைக்கு இழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பாள். ஒரு நாள் மதியம் அந்த அப்பா வகுப்பு வாசலில் வந்து நின்றார். கோபம் இருந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"தப்பா நெனைச்சிக்காதீங்க டீச்சரம்மா. சொரசொரன்னு இருக்கிற கை பட்டா பட்டு இழை பிசிறடிச்சிடும். எங்கனா கறை பட்டா பொடவையே போச்சு. இவ மண்ணை நோண்டிக்கினு இருந்தா எங்க பொழப்பு என்னா ஆவறது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. இனி மண் வேலை கொடுக்கமாட்டேன் என்று சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு வேறு சில வீடுகளிலிருந்தும் பேச்சு வந்தது. பிள்ளைகளைப் படிக்க அனுப்பினோமா, அடுப்பு ஊத அனுப்பினோமா என்றார்கள். தலைமையாசிரியர் நியாயமான மனிதர். பெற்றவர்களை ஒரு சனிக்கிழமை வரவழைத்துப் பிள்ளைகளையே சமைத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். அவர்களுக்குச் சம்மதம் என்றால் தோட்டம் இருக்கட்டும், இல்லையென்றால் நிலத்தைச் சமப்படுத்தி டிரில் வகுப்புக்கு விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாளுக்காகக் கீரையைப் பறிக்காமல் வளரவிட்டோம். வாரம் முழுக்கப் பிள்ளைகள் வேறு எதையும் பேசவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலடியிலிருந்து வேகமாக நடந்து வந்து பின்பக்கம் போனேன். முள்வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஆடுகள். கீரை இருந்த இடத்தில் வெறும் மொட்டைத் தண்டு. வெண்டைச் செடிகள் முறிந்து கிடந்தன. பழம் பழுத்திருந்த பப்பாளி மரம் மட்டும்தான் தப்பியிருந்தது. ஆடுகளை விரட்டக்கூடத் தோன்றாமல் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். தலைமையாசிரியர் வந்து பார்த்தார். இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இன்னொரு நாள் வராது என்று எனக்குத் தெரியும்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். யாரும் அழவில்லை. தங்களுக்குள் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே ஓடினார்கள். வீட்டுக்குப் போகிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்கள். கையிலும் பாவாடை மடியிலும் கீரை. கடையில் வாங்கியதோ என்று பார்த்தால், வேரோடு மண் ஒட்டியிருந்தது. எங்கிருந்து என்று கேட்டேன். பாத்தியில் நெருக்கமாக முளைத்த நாற்றுகளைக் களைந்து வெளியே போடச் சொல்வது என் வழக்கம். அதை யாரும் போடவில்லை. சட்டைப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். ஒருவன் ஓட்டை பக்கெட்டில் வளர்த்திருந்தான். ஒருத்தி குளியல் தண்ணீர் ஓடும் இடத்தில். ஒருவன் உடைந்த பானையில். நான் சொல்லவே இல்லை. எனக்குத் தெரியவும் தெரியாது.

கடைசியாக அந்த நாலாம் வகுப்புப் பெண் வந்தாள். கூடவே அவள் அப்பா. அவர் கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு கட்டு. பிரித்தார். முழங்கை நீளத்துக்குத் தண்டுக்கீரை. அவளை மண்ணைத் தொட வேண்டாம் என்றீர்களே என்று தயங்கிக் கேட்டேன்.

"அவ கை மண்ணுல பட வேணாம்னுதான் சொன்னேன். செடி வாடணும்னு சொல்லலையேம்மா" என்றார். "காலைல தறியில குந்தறதுக்கு முன்னாடி நான்தான் தண்ணி ஊத்தறேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அப்புறம் வேலை தானாக நடந்தது. எந்தத் தெருக் கீரை, யார் வீட்டுக் கீரை என்று பார்க்காமல் எல்லாம் ஒரே பாத்திரத்தில் விழுந்தது. தண்டைத் தனியாக நறுக்கிப் பயறோடு கூட்டு, இலையைக் கடைந்து மசியல். பப்பாளியை அந்தப் பெண்ணே துண்டு போட்டுக் கொடுத்தாள். பெற்றவர்கள் வராந்தாவில் வரிசையாக உட்கார, பிள்ளைகள் பரிமாறினார்கள். கீரை மாடு தின்பது என்று சொன்ன பையன்தான் எல்லோரையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்திக்கொண்டிருந்தான். நெசவாளி அப்பா நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் தலைமையாசிரியரிடம் போய், தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் சமையலும் போதும், மண் வேலையை மற்றவர்கள் பார்க்கட்டும், ஆனால் தோட்டத்தை எடுக்க வேண்டாம் என்றார். போகும் வழியில் சாய்ந்த வேலியை நிமிர்த்திக் கட்டிவிட்டும் போனார்.

நான் மாற்றலாகிப் போகும்வரை அந்தத் தோட்டம் இருந்தது. வாய்ப்புண்ணும் மெல்ல மெல்லக் குறைந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிகளில் வேலை பார்த்தேன். ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள். ஆனால் நான் சொல்வது அவர்கள் காதில் விழவில்லை என்று மட்டும் ஒரு நாளும் முடிவு கட்டியதில்லை. அந்தச் சனிக்கிழமை எனக்குக் கொடுத்த நம்பிக்கை அது.