விளக்கு வைப்பதற்கு முன் நட்ட துளசி

பிற்பகல் மூன்று பத்துக்கு முதல் துளசிக் கன்று தலையைச் சாய்த்தது. அந்த நேரத்தில் சுவர்க் கடிகாரத்தை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. திரும்பிக் குனிந்தபோது பக்கத்துக் கன்றும் சாய்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசை முழுக்கத் துவண்டுவிட்டது.

மகளின் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. வருகிறவர்களுக்கு எல்லாரும் கொடுக்கிற லட்டும் குங்குமச் சிமிழும் வேண்டாம், துளசிக் கன்று கொடுக்கலாம் என்பது அவள் யோசனை. கிள்ளானில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் நாற்றுத் தட்டுகளை அடுக்கி, அவளே விதைத்து, தினமும் வேலைக்குப் போகுமுன் தண்ணீர் தெளித்து வளர்த்தாள். இனி ஒவ்வொன்றையும் தட்டிலிருந்து எடுத்துச் சிறு காகிதக் கோப்பைக்கு மாற்றவேண்டும். அன்று சனிக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்கப் போனவள், சாயங்காலம் வெயில் இறங்கினதும் சேர்ந்து நடலாம், அதுவரை கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் என்றதுதான் எனக்கு உறுத்தியது. விளக்கு வைத்த பிறகு துளசியைத் தொடுவதில்லை என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அவள் கொமுட்டர் ரயில் பிடித்து வந்துசேர ஏழாகிவிடும். கன்றை மாற்றி நடுவதும் தொடுவதில் சேருமா? சேராது என்று ஒரு மனம் சொன்னது. சேர்ந்துவிட்டால் என்ன செய்வாய் என்று இன்னொரு மனம் கேட்டது. நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். வேறு எந்தக் காரியமாக இருந்தாலும் இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் இவளுக்கு முன்பு ஒரு சம்பந்தம் கூடிவந்து நின்றுபோயிருக்கிறது. நிச்சயத்தன்று தட்டில் வைத்த தேங்காயை உடைத்தால் உள்ளே அழுகல். அன்று எல்லாரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். ஒரு வாரம் கழித்து, மனசு ஒப்பவில்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். மகள் அழவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தேங்காயை எடுத்தால் அவள் சமையலறையை விட்டு எழுந்து போய்விடுவாள்.

அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் நானே நட உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் இதற்கென்றே கடையில் சின்னக் கருவிகள் வாங்கி வைத்திருந்தார். கையடக்கமான ஒரு மண்வாரி, குழி போட ஒரு கூர்முனைக் கம்பி, வேரோடு நெம்பி எடுக்க ஒரு ஒடுங்கிய கரண்டி. எல்லாம் இரும்பு. துளசிக்கு இரும்பு ஆகாது என்று எங்கேயோ கேட்டிருந்ததால் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்திருந்த மூங்கில் சாப்ஸ்டிக்குகளையும் ஐஸ்கிரீம் குச்சியையும் எடுத்துக்கொண்டேன். குச்சியைத் தட்டின் ஓரமாக இறக்கி நெம்பினால் கன்று மண்ணோடு மேலே வந்தது. சாப்ஸ்டிக்கைக் கோப்பை மண்ணில் குத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் அளவான குழி. இலையைப் பிடித்து இறக்கிவிட்டு அதே குச்சியால் மண்ணை அணைத்தேன். வேலை இத்தனை சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தொலைபேசி அடித்தது. சம்பந்தியம்மா. செந்தூலிலிருந்து காப்பாருக்குப் பத்திரிகை வைக்கப் போகிறார்களாம். திரும்பும்போது இருட்டுகிற நேரத்துக்கு நம் வீட்டிலும் இறங்கி, மருமகள் வளர்த்த கன்றுகளைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். வாங்க வாங்க என்று நானும் சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

பேசிவிட்டு வந்தால் என் இடத்தில் கணவர் உட்கார்ந்து சமையலறை முள்கரண்டியால் கன்றுகளைத் தோண்டிக்கொண்டிருந்தார்.

"இரும்பு படக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"இது இரும்பா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லா. நீ சாப்பிடுறப்போ மட்டும் வாயில படலாமா?"

அப்போதுதான் மூன்று பத்து ஆனது.

முள்கரண்டி பட்டவைதான் சாய்கின்றன என்று முதலில் நினைத்தேன். அவர் நட்டது எது, நான் நட்டது எது என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். கோப்பைகள் கலந்துவிட்டிருந்தன. இது என்னுடையதுதான் என்று நிச்சயமாகத் தெரிந்த முதல் வரிசையும் துவண்டிருந்தது. அப்படியானால் முள்கரண்டி இல்லை. தண்ணீர் போதவில்லையோ என்று ஊற்றினேன். அதிகமாகிவிட்டதோ என்று கோப்பைகளைச் சாய்த்து வடித்தேன். போர்ச்சுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் கூரை வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்ததை அதற்கப்புறம்தான் கவனித்தேன். எல்லாவற்றையும் உள்ளே கூடத்துக்கு மாற்றினோம். உள்ளே இருட்டாக இருக்கிறதே என்று பாதியை மறுபடி வெளியே கொண்டுவந்தேன். கணவர் நான் சொன்ன பக்கமெல்லாம் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மகளை அழைத்தேன். கேஎல் சென்ட்ரலில் ரயிலுக்குக் காத்திருந்தாள், ரயில் தாமதமாம். சம்பந்தியம்மா வருவதையும் சேர்த்து நான் சொல்லி முடித்ததும், "நிழல்ல வச்சிட்டு விட்டுருங்கம்மா. அவங்க வர்றதுக்குள்ள தூக்கி எறிஞ்சிடாதீங்க" என்றாள். நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது?

எறியவில்லை. ஒளித்துவைக்கவும் இடமில்லை. கல்யாணத்துக்குக் கொடுக்க வளர்த்த துளசி வாடிக்கிடப்பதைக் காட்டிலும் பெரிய அபசகுனம் என்ன இருக்கிறது? அழுகின தேங்காயாவது ஒன்றுதான். ஏழு மணிக்குச் சாமி விளக்கை ஏற்றினேன். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. அதையும் ஒரு கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மகளாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே வெளியே போனேன். சம்பந்தியம்மாதான். கையில் காப்பாரில் யாரோ கொடுத்தனுப்பிய கருவாட்டுப் பொட்டலம். என்னைப் பார்க்குமுன்னே கீழே கோப்பைகளைப் பார்த்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சாய்ந்துகிடந்த வரிசைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் இன்னும் நடாமல் தட்டிலேயே நிமிர்ந்து நின்றன.

நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். வெயில், முள்கரண்டி, விளக்கு, தண்ணீர், எது எதனால் என்று எனக்கே தெரியாமல். தேங்காயைப் பற்றிக்கூடச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் பொட்டலத்தை என் கணவரிடம் கொடுத்தார். சேலையைச் சொருகிக்கொண்டு தட்டுக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"வெளக்கு வச்சா பறிக்கத்தான் கூடாது சம்மந்தி. இது பறிக்கிறதா, குடிவைக்கிறதுதானே?" என்றார். "நடு வெயில்ல பிடுங்கினா நீங்களும் நானும்கூட சாஞ்சிதான் போவோம், காலையில பாருங்க, நிமிந்துக்கும். மிச்சத்த இப்பவே முடிச்சிரலாம். அந்தச் சாப்ஸ்டிக்க இப்படிக் குடுங்க."