நாற்காலியில் நஸீஹா

ஸ்ஃபாக்ஸ் நகரில் எங்கள் கண் மருத்துவமனையின் மூன்றாம் மாடி இருட்டறை பத்தொன்பது வருஷமாக நஸீஹாவின் ராஜ்யம். அங்கே விழித்திரைக்கு மின்சோதனை நடக்கும். கீழ் இமையோரம் தலைமுடி போன்ற ஒரு வெள்ளி நூலை வைத்து, நோயாளியைத் திரைக்கு எதிரே உட்கார வைப்பார். திரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் சளைக்காமல் இடம் மாறும். அதைப் பார்க்கும் கண் எழுப்புகிற துளி மின்சாரம் கணினியில் அலையாக வரும். அலை குட்டையாக இருந்தால் உள்ளே நரம்பு சோர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் பார்வையில் கை வைப்பதற்குச் சில வருஷம் முன்பே இந்த அலை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அசையாதே என்று ஊரையே அதட்டும் இந்தப் பெண்மணி ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. மதியச் சாப்பாடு கூட நடந்துகொண்டேதான். அவருடைய அப்பா க்ளாக்கோமாவில் இரண்டு கண்ணும் இழந்தவர். தம்பிகள் மூன்று பேரையும் வருஷா வருஷம் இழுத்து வந்து சோதித்துவிடுவார். தன்னை மட்டும் சோதித்ததே இல்லை. வயது ஐம்பத்திரண்டு. கேட்டால், "மெஷினை யாரு ஓட்டுறது, நீயா?" என்பார். எட்டு வருஷமாக நானும் அதே மெஷினைத்தான் ஓட்டுகிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மார்ச்சில் ஊழியர்களுக்கான பரிசோதனையில் அவருடைய வலது கண்ணில் அழுத்தம் கூடியிருந்தது. பார்வைப் பரப்பில் ஒரு குறையும் இல்லை. "அலையையும் பார்த்துடு நஸீஹா," என்றார் டாக்டர் முன்ஜி. அன்றிலிருந்து ஒரு நாள் வயர் சரியில்லை, ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் தம்பி வீட்டில் விசேஷம். மூன்று வாரம் போயிற்று. நாலாவது வாரம் வியாழக்கிழமை ஒரு நோயாளி வரவில்லை. நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

"உக்காருங்கக்கா."

"திரை மங்கலா இருக்கு. முதல்ல அதைப் பாரு."

"காலையில நீங்கதானே துடைச்சீங்க."

உட்கார்ந்தார். ஆனால் கை கால் அடங்கவில்லை. "நெத்தி வயரை ஒழுங்கா ஒட்டு ரஜா. நீ ஒட்டினா தும்மினாலே விழுந்துடும்," என்றார்.

மெஷினை ஓட்டினேன். அலை வரவில்லை, ரம்பப் பல் வந்தது. வயரை மாற்றினேன். நெற்றியில் ஒட்டியதைப் பிய்த்து மறுபடி ஒட்டினேன். திரும்பவும் ரம்பப் பல். எனக்கு வியர்த்துவிட்டது. அப்புறம்தான் கணினியை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். தாடை ஆடிக்கொண்டிருந்தது. குர்ஆனிலிருந்து ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர்க்காரர்கள் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு இது. பயம் வந்தால் உதடு தானாக ஓத ஆரம்பித்துவிடும். தாடைத் தசையின் மின்சாரத்துக்கு முன்னால் கண்ணின் மின்சாரம் எம்மாத்திரம்? இதற்காக எத்தனையோ பேரைத் திட்டியவர் இவர். இப்போது தான் ஓதுவது தனக்கே தெரியவில்லை.

"அக்கா, மனசுக்குள்ள ஓதுங்க. அல்லாஹ்வுக்குக் கேக்கும். மெஷினுக்குக் கேக்கக் கூடாது."

"எனக்கேவா?"

"வாயை மூடுங்கக்கா."

அப்படி நான் அவரிடம் பேசியதே கிடையாது. மூடினார்.

இடது கண்ணின் அலை நன்றாக எழுந்தது. வலது கண்ணில் பாதி உயரம்கூட இல்லை. மறுபடி ஓட்டினேன். அதேதான். மூன்றாம் முறையும் அதேதான். நூலை எடுத்தேன்.

"வலதுதானே?" என்றார்.

"டாக்டர் சொல்லுவாருக்கா."

"அந்த வசனத்தை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்டி."

எழுந்து வந்து கணினியைப் பார்த்தார். நகராமல் நின்றார். அவர் அப்படி நின்றது எனக்கு அலையைவிடப் பயமாக இருந்தது.

"இன்னும் ஒண்ணும் மறையலையேக்கா," என்றேன். "சீக்கிரமே பிடிச்சுட்டோம். மருந்து இருக்கு."

"சீக்கிரமாவா? இது போன மாசம் இறங்குச்சா, பத்து வருஷமா இறங்குதா? சொல்லு பாப்போம்."

யாருக்கும் தெரியாது. தம்பிகளுக்கென்றால் போன வருஷத்து அலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் கண் நிறைந்துவிட்டது. "நீ எதுக்கு அழுவுற? வேலையைப் பாரு," என்று எரிந்து விழுந்தார்.

புதுக் கோப்பு எடுத்தேன். பெயர், வயது, தகப்பனார் நோய் எல்லாம் எழுதிவிட்டேன். "முந்தைய சோதனை" என்ற கட்டத்துக்கு வந்ததும் எழுதக் கை வரவில்லை. என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, "இல்லை" என்று அவரே எழுதினார்.